சி மொழியில் சரங்களுக்கான துணைச் சார்புகள்: நினைவகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் தொகுதியை எழுதும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், ஏ-9 வீதியின் பஸ் தரிப்பிடங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரே வரியாகக் காட்டும் செய்நிரலை எழுதியிருந்தார். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துப் பார்த்தார், ஒழுங்காக ஓடியது. ‘யாழ்ப்பாணம்’ என்று தமிழில் கொடுத்தவுடன், பக்கத்து மாறியில் இருந்த பஸ் நேரம் குப்பையாகிவிட்டது. “ஆங்கிலத்திலும் 6 எழுத்து, தமிழிலும் 6 எழுத்துத்தானே?” என்று கேட்டார்.

கண்ணுக்கு 6 தான். யா, ழ், ப், பா, ண, ம். ஆனால் ஒருங்குறியில் யகரம் ஒரு குறியீடு, அதன் பக்கத்தில் நிற்கும் கால் இன்னொரு குறியீடு, புள்ளி வேறொரு குறியீடு. எண்ணினால் 11 வரும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆகவே 33 பைட், சரம் இங்கே முடிகிறது என்று காட்டும் முடிவுப் பூச்சியத்துக்கு இன்னும் 1, மொத்தம் 34. அவர் ஒதுக்கியிருந்தது 20. மிச்சம் 14 பைட்டும் பக்கத்து வீட்டு வளவுக்குள் போய் விழுந்தன.

20ஐ 100 ஆக்குவது மருந்தல்ல. கிளிநொச்சி வரை தரிப்பிடங்களைச் சேர்த்தால் அதுவும் போதாது. தேவைக்கேற்ப வளரும் சரம் ஒன்றும், அதைத் தொடும் சில துணைச் சார்புகளும் வேண்டும். அவற்றை எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் ‘சேர்’ சார்பில் தொடங்குகிறார்கள். அது நான்காவதாக எழுத வேண்டியது.

1. கையில் இருக்க வேண்டியவை

சுட்டி என்றால் என்ன, அணியின் பெயர் எப்போது சுட்டியாக மாறும் என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அவற்றை முதலில் படியுங்கள். இடையில் படித்துச் சமாளிக்க முடியாது.

தொகுப்பான் ஜிசிசி ஆக இருந்தாலும் கிளாங் ஆக இருந்தாலும் சரி. எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிடுங்கள். கூடவே அட்ரஸ் சானிடைசரை இயக்கித் தொகுங்கள். எல்லை மீறி எழுதிய வரியையும், அந்த இடம் எங்கே ஒதுக்கப்பட்டது என்பதையும் அது சுட்டிக்காட்டிவிடும். அது வேலை செய்யாத இடத்தில் வல்கிரைண்ட் உதவும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்காதீர்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

நினைவகத்தை ஒதுக்கும் மாலொக், ஒதுக்கியதன் அளவை மாற்றும் ரியலொக், விடுவிக்கும் ஃபிரீ மூன்றையும் அறிவிக்கும் தலைப்புக் கோப்பை உள்ளே எடுத்துக்கொள்ள மறவாதீர்கள். பழைய தொகுப்பான்கள் அறிவிப்பில்லாத சார்பு முழு எண்ணைத் திருப்பும் என்று தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் சுட்டியின் பாதி வெட்டுப்பட்டு, எங்கோ தூரத்தில் செய்நிரல் விழும். ஜிசிசி 14 முதல் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே நிறுத்தப்படுகிறது. ஆய்வுகூடங்களில் இருக்கும் பழைய பதிப்புகளில் அப்படி இல்லை.

கீழே சார்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். ஜிசிசி 10 முதல் அந்தப் பெயர்களை அப்படியே மூலக் கோப்பில் தட்டலாம். குழுவாக வேலை செய்தால் எல்லோருக்கும் பழகிய பெயரை வையுங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம்.

2. முதலில் உரிமையை எழுதுங்கள்

ஒரு வரிகூட எழுத முன்னர் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த நினைவகத்தை யார் விடுவிப்பது?

என் கணக்கில் மூன்று வகை உண்டு. முதலாவது இரவல்: சார்பு ஒரு சுட்டியைப் பெறுகிறது, வாசிக்கிறது, போய்விடுகிறது; அதை விடுவிக்கவோ பின்னர் பாவிக்கவென்று சேமித்து வைக்கவோ அதற்கு உரிமை இல்லை. இரண்டாவது சொந்தம்: கட்டமைப்பே வைத்திருக்கிறது, கட்டமைப்பே விடுவிக்கும். மூன்றாவது ஒப்படைப்பு: சார்பு உங்கள் கையில் கொடுத்துவிட்டது, இனி அது உங்கள் பொறுப்பு.

ஒவ்வொரு சார்பின் அறிவிப்புக்கும் மேலே இந்த மூன்றில் ஒன்றைக் குறிப்பாக எழுதுங்கள். சோம்பலால் விட்டுவிடுபவர்கள் இரண்டு வாரம் கழித்துத் தாங்கள் எழுதியதையே வாசித்து ஊகிக்க வேண்டி வரும். ஊகம் தவறினால் ஒன்றில் கசிவு, அல்லது இருமுறை விடுவிப்பு.

சரத்துக்குப் பிரதி எடுத்துத் தரும் ஸ்டிர்டப் என்ற நூலகச் சார்பு நல்ல உதாரணம். நெடுங்காலம் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் நியமத்தில் மட்டும் இருந்து, சி23 நியமத்தில்தான் சி மொழிக்குள்ளேயே வந்தது. அது திருப்புவது ஒப்படைப்பு வகை. அது உள்ளே மாலொக் செய்கிறது என்பது பெயரில் தெரியாததால், வகுப்பில் பாதிப்பேர் அதை விடுவிப்பதே இல்லை.

இந்தக் கட்டத்தில் இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். சார்புக்குள் சாதாரண அணி ஒன்றை அறிவித்து, அதில் எழுதி, அதன் முகவரியைத் திருப்புவது. சார்பு முடிந்ததும் அந்த இடம் நம்முடையதல்ல. சில நாள் சரியாக ஓடும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

3. மூன்று புலங்கள், ஒரு வாக்குறுதி

கட்டமைப்பில் மூன்றே புலங்கள் போதும்: தரவு, நீளம், கொள்ளளவு. தரவு என்பது நினைவகத்தைக் காட்டும் சுட்டி. நீளம் என்பது முடிவுப் பூச்சியத்தைச் சேர்க்காமல் உள்ள பைட்களின் எண்ணிக்கை. கொள்ளளவு என்பது ஒதுக்கியில் இருந்து நாம் உண்மையில் வாங்கிய பைட்கள்; அதில் பூச்சியத்துக்கான இடமும் அடங்கும்.

கொள்ளளவில் பூச்சியத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றைத் தீர்மானித்து எழுதிவையுங்கள். ஒரு சார்பில் சேர்த்து, இன்னொரு சார்பில் விட்டால் சரியாக 1 பைட் வழுக்கும். அந்த 1 பைட்டைத் தேடி ஓர் இரவு போகும்.

நீளத்தை ஏன் சேமிக்க வேண்டும்? சரங்களை ஒட்டும் நூலகச் சார்பான ஸ்டிர்கேட் ஒவ்வொரு முறையும் சரத்தின் தலையிலிருந்து முடிவைத் தேடி நடக்கிறது. 33 பைட் கொண்ட பெயரை 1000 முறை ஒட்டுங்கள். தேடலுக்காக மட்டும் அது 1,64,83,500 பைட்களைக் கடந்திருக்கும். நீளம் கையில் இருந்தால் பிரதி செய்ய வேண்டியது 33,000 பைட் மட்டுமே.

இனி வாக்குறுதி. எந்தச் சார்பு தொடங்கும்போதும் முடியும்போதும் இது உண்மையாக இருக்க வேண்டும்:

தரவு வெறுமை, நீளம் 0, கொள்ளளவு 0, அல்லது
நீளம் < கொள்ளளவு, தரவு[நீளம்] = 0

வேறு நிலை கிடையாது. இதை ஒரு சிறு சோதனைச் சார்பாக எழுதி, ஒவ்வொரு சார்பின் முதல் வரியிலும் கூப்பிடுங்கள்.

வெறுமையான சரத்தை அச்சிட்டால் என்ன ஆகும்? அச்சிடும் சார்புக்கு வெற்றுச் சுட்டியைக் கொடுப்பது வரையறுக்கப்படாத செயல், அதாவது என்ன நடக்கும் என்று நியமம் சொல்லாதது. ஆகவே வாசிப்பதற்கென்று சரம்_பார் என்ற சார்பை வையுங்கள். தரவு வெறுமையாக இருந்தால் அது வெற்றுச் சரத்தை இரவலாகத் தரும். வெளியாட்கள் தரவுப் புலத்தைத் தொடாமல் இதன் வழியாகவே வர வேண்டும்.

4. சரம்_இடமாக்கு: எல்லாம் தங்கியிருக்கும் சார்பு

இந்த ஒன்று சரியாக இருந்தால் மற்றவை ஒவ்வொன்றும் நாலு வரிக்குள் அடங்கும். ‘இன்னும் இத்தனை பைட் வரப்போகிறது, இடம் செய்’ என்பதே இதன் வேலை. உள்ளே நடக்க வேண்டியவை இந்த ஒழுங்கில் (உச்சம் என்பது அளவுகளுக்குப் பாவிக்கும் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண்):

அ) கூடுதல் > உச்சம் − நீளம் − 1 என்றால் தோல்வி
ஆ) தேவை = நீளம் + கூடுதல் + 1
இ) தேவை ≤ கொள்ளளவு என்றால் வெற்றி, திரும்பு
ஈ) புதியது = கொள்ளளவு; அது 0 என்றால் 64
உ) புதியது < தேவை ஆக இருக்கும்வரை இரட்டிப்பாக்கு; இரட்டிப்பு உச்சத்தைத் தாண்டுமென்றால் புதியது = தேவை
ஊ) தற்காலிகம் = ரியலொக்(தரவு, புதியது)
எ) தற்காலிகம் வெறுமை என்றால் தோல்வி, எதையும் மாற்றாதே
ஏ) தரவு = தற்காலிகம்; கொள்ளளவு = புதியது; தரவு[நீளம்] = 0

முதலாவது படி ஏன் கழித்தலாக இருக்கிறது என்று கேட்பார்கள். அளவுகளுக்குப் பாவிக்கும் வகை குறியில்லாத எண். உச்சத்தைத் தாண்டிக் கூட்டினால் பிழை வராது. சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிவிடும். கூட்டிய பின்னர் சோதித்தால் காலம் கடந்துவிடும். கூட்டுவதற்கு முன்னரே, மிச்சம் எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

இரட்டிப்பாக்குவது வீண்செலவு போலத் தோன்றும். தேவைக்குச் சரியாக வாங்கினால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ரியலொக், 1000 பெயருக்கு 1000. 64இல் தொடங்கி இரட்டித்தால் 33,001 பைட்டை எட்ட 11 முறை போதும், 65,536இல் நின்றுவிடும். பனையோலைக் கடகம் நிரம்பியதும் அதைவிட ஒரு பிடி கூடிய கடகத்தையா தேடுவோம்? பெரியதாக ஒன்றை எடுத்துத்தான் கொட்டுவோம்.

இனி ஊ படி. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கே விழுந்திருக்கிறார்கள். தற்காலிகம் இல்லாமல், தரவு = ரியலொக்(தரவு, புதியது) என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ரியலொக் தோற்றால் வெற்றுச் சுட்டியைத் திருப்பும். பழைய நினைவகத்தை விடுவிக்காது. அந்த ஒரே வரி பழைய முகவரியின் மேல் வெறுமையை எழுதிவிட்டது. சேர்த்து வைத்த சரம் இன்னும் நினைவகத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் வழி இல்லை. கிணற்றுக்குள் வாளி விழுந்ததோடு கயிறும் விழுந்த கதை.

ரியலொக் வென்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். நினைவகம் வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம். சரத்தின் நடுவைக் காட்டும் சுட்டி ஏதும் முன்னர் எடுத்து வைத்திருந்தால் அது செத்துவிட்டது. நடு இடத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால், சுட்டியாக அல்ல, தலையிலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணாக வையுங்கள்.

கொள்ளளவை ரியலொக்குக்கு முன்னரே மாற்றிவிடுவது இன்னொரு தவறு. தோற்றால், இல்லாத இடம் இருப்பதாகக் கட்டமைப்பு பொய் சொல்லும். ரியலொக்குக்கு 0 அளவையும் கொடுக்காதீர்கள். சி23 அதை வரையறுக்கப்படாத செயல் என்றே சொல்லிவிட்டது. மேலுள்ள ஒழுங்கில் புதியது ஒருபோதும் 0 ஆகாது.

தோல்வியை என்ன செய்வது? நூலகமாகப் பிறருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உண்மை, பொய் என்று திருப்புங்கள், தீர்மானம் அவர்களுடையது. உங்கள் சொந்தச் சிறு கருவி என்றால் பிழைச்செய்தியை அச்சிட்டு நிறுத்துவதே நேர்மை. ஒவ்வொரு அழைப்பிலும் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு பாதியில் விட்டுவிடுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

5. சரம்_சேர்: இப்போதுதான் ஒட்டும் வேலை

மூலச் சுட்டியும் பைட் எண்ணிக்கையும் உள்ளே வருகின்றன. இடமாக்கு, மெம்கொப்பியால் தரவு + நீளம் என்ற இடத்துக்குப் பிரதி செய், நீளத்தைக் கூட்டு, முடிவில் பூச்சியத்தை வை. பூச்சியம் வைப்பது கடைசி. அதை மறந்தால் சரம் எங்கே முடிகிறது என்று அச்சிடும் சார்புக்குத் தெரியாது. ரியலொக் தரும் புதிய பகுதி பூச்சியத்தால் நிரம்பியிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பைட் எண்ணிக்கையை சைஸ்ஆஃப் கொண்டு எடுக்காதீர்கள். அணியின் மேல் சரியாக இருக்கும். அதே அணி சார்புக்குள் சுட்டியாக வந்துவிட்டால், 64 பிட் கணினியில் எப்போதும் 8 என்றே சொல்லும். யாழ்ப்பாணத்தின் முதல் 8 பைட், அதாவது இரண்டு குறியீடுகளும் ஒன்றின் மூன்றில் இரண்டு பங்கும்.

கொடுத்த அளவு வரை மட்டும் பிரதி செய்யும் ஸ்டிரென்கொப்பி பாதுகாப்பானது என்று யாரோ சொல்லி எல்லோரும் பாவிக்கிறார்கள். மூலம் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் அது முடிவுப் பூச்சியத்தை வைக்காது. குறைவாக இருந்தால் மிச்சம் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பிக்கொண்டிருக்கும். இரண்டுமே நமக்கு வேண்டாதவை.

ஒரு சரத்தை அதனுடனேயே சேர்த்தால்? மூலச் சுட்டி நம்முடைய தரவையே காட்டுகிறது. இடமாக்கும்போது தரவு இடம் மாறினால் மூலம் செத்த முகவரி. இதற்கென்று சரம்_தன்னைச்சேர் என்று தனியாக எழுதிவிடுங்கள்: பழைய நீளத்தைக் குறித்துக்கொள், இடமாக்கு, அதன் பின்னர் தரவைப் புதிதாக வாசித்து அதையே மூலமாக வைத்து மெம்கொப்பி செய். இரு பகுதிகளும் ஒன்றின்மேல் ஒன்று படவில்லை, ஆகவே மெம்கொப்பி போதும். முடிவுப் பூச்சியம் வரை பிரதி செய்யும் ஸ்டிர்கொப்பியை இங்கே வைத்தால் முதல் பைட்டே பழைய முடிவுப் பூச்சியத்தை அழித்துவிடும். அது தேடிப்போகும் முடிவு அதன் முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

6. சரம்_வடிவமைத்துச்சேர்

எண்ணையும் சரத்தையும் கலந்து ஒட்ட எஸ்என்பிரிண்ட்எஃப் குடும்பம் இருக்கிறது. சி99 முதல் அதற்கு வெற்றுச் சுட்டியையும் 0 அளவையும் கொடுத்தால், எதையும் எழுதாமல் எத்தனை பைட் வேண்டும் என்று மட்டும் சொல்லும். ஆகவே இரண்டு சுற்று: முதலில் அள, பின்னர் இடமாக்கு, பின்னர் எழுது.

திரும்பும் எண்ணில் முடிவுப் பூச்சியம் அடங்காது. இரண்டாவது சுற்றில் கொடுக்கும் அளவில் அது அடங்க வேண்டும். கொள்ளளவு − நீளம் என்று கொடுங்கள், தானாகச் சரிவரும். திரும்பும் எண் எதிர்மறையாகவும் இருக்கலாம். குறியில்லாத மாறியில் போட முன்னர் அதைச் சோதியுங்கள்.

மாறும் எண்ணிக்கையிலான உள்ளீடுகளை இரண்டு சுற்றிலும் பாவிக்க வேண்டுமென்றால், முதற்சுற்றுக்கு முன்னரே அந்தப் பட்டியலுக்கு ஒரு பிரதி எடுக்க வேண்டும். ஒரு சுற்றில் பட்டியல் கரைந்துவிடும். பழைய 32 பிட் கணினிகளில் பிரதியில்லாமலும் அதிர்ஷ்டத்தில் ஓடும்; 64 பிட்டுக்கு வந்ததும் விழும். “என் பழைய கணினியில் சரியாக வேலை செய்தது” என்று சண்டை பிடிப்பவர்களின் வழு பெரும்பாலும் இதுதான்.

பயனர் தட்டிய சொல்லை வடிவமைப்புச் சரமாகவே கொடுக்காதீர்கள். அதற்குள் சதவீதக் குறி இருந்தால், இல்லாத உள்ளீட்டைத் தேடி அது நினைவகத்தைத் துழாவும்.

அகலம் குறிப்பிட்டு நெடுவரிசையை நேராக்கவும் முயலாதீர்கள். இந்தச் சார்புகள் அகலத்தைப் பைட்டில்தான் எண்ணுகின்றன. ‘பளை’க்கும் ‘சாவகச்சேரி’க்கும் ஒரே அகலத்தைக் கொடுத்து, அட்டவணை கோணலாக நிற்பதைக் கண்டு மனம் நொந்த மாணவர்கள் பலர்.

7. தமிழ் சரம் கேட்கும் தனிக் கவனம்

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பகுதியின் எந்தப் பிழையும் வெளியே வராது.

முதலாவது, வெட்டுதல். காட்சிப் பலகைக்கு 32 பைட் மட்டும்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தின் 33 பைட்டை 32இல் வெட்டினால், கடைசிப் புள்ளியின் 3 பைட்டில் 2 மட்டும் மிஞ்சும். திரையில் கேள்விக்குறியோ கறுப்புச் சாய்சதுரமோ தெரியும்.

இதற்கு மருந்து பின்னோக்கி நகர்வது. குறியீட்டின் நடுவில் வரும் பைட் எப்போதும் 128க்கும் 191க்கும் இடையில் இருக்கும். தமிழ்க் குறியீட்டின் முதல் பைட் 224. வெட்டும் இடத்தில் விடுபடும் முதற் பைட் நடுப் பைட்டாக இருக்கும்வரை ஒவ்வொன்றாகப் பின்னே போங்கள். 30இல் நிற்பீர்கள்.

30இல் நின்றால் கிடைப்பது ‘யாழ்ப்பாணம’. பைட் கணக்கில் குற்றமில்லை, தமிழில் குற்றம். மெய் உயிர்மெய்யாகிவிட்டது. ஆகவே இன்னொரு சோதனை: விடுபடும் முதற் குறியீடு புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் இன்னும் ஒரு குறியீடு பின்னே போங்கள். 27இல் ‘யாழ்ப்பாண’ என்று நிற்கும். முழுப் பெயர் அல்லத்தான், ஆனால் எழுத்து எதுவும் ஊனமாகவில்லை.

இரண்டாவது, எழுத்து வகையின் குறி. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் எழுத்து வகை வழமையாகக் குறியுள்ள எண். 224 என்ற பைட் அங்கே −32 ஆகத் தெரியும். அதை அப்படியே வெற்றிடமா, எழுத்தா என்று பார்க்கும் நூலகச் சார்புகளுக்குக் கொடுத்தால் வரையறுக்கப்படாத செயல். கொடுக்க முன்னர் குறியில்லாத எழுத்தாக மாற்றுங்கள். ‘பைட் 127ஐ விடப் பெரிதா’ என்று சோதிக்கும் வரி, ராஸ்பெரி பையில் லினக்ஸ் ஓடும்போது சரியாகவும் மடிக்கணினியில் பிழையாகவும் நடப்பதற்குக் காரணமும் இதுதான். ராஸ்பெரி பையில் எழுத்து வகை குறியில்லாதது.

மூன்றாவது, ஒரே சொல்லுக்கு இரண்டு உடல். ‘கொடிகாமம்’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். முதலாவது 27 பைட், இரண்டாவது 30. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சரங்களை ஒப்பிடும் ஸ்டிர்கம்ப் வேறுவேறு சொல் என்று அடித்துச் சொல்லும். இதை நம் தொகுதிக்குள் சமாளிக்க வேண்டாம். உள்ளீடு வரும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே விடுங்கள்.

8. விடுவித்தலும் ஒப்படைத்தலும்

சரம்_விடு தரவை ஃபிரீ செய்து, மூன்று புலங்களையும் வெறுமையாக்க வேண்டும். வெற்றுச் சுட்டியை ஃபிரீ செய்வதால் ஒன்றும் ஆகாது, ஆகவே முன்சோதனை தேவையில்லை. வெறுமையாக்கியிருப்பதால் தவறி இருமுறை கூப்பிட்டாலும் சேதமில்லை.

சரம்_ஒப்படை தரவுச் சுட்டியை உங்களுக்குத் தந்துவிட்டு, கட்டமைப்பை வெறுமையாக்கும். ஒப்படைத்த பின்னரும் கட்டமைப்பு பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதிய வழக்குத்தான்.

அந்த வழக்கு வேறு வழியாகவும் வரும். ஒரு கட்டமைப்பை இன்னொன்றுக்குச் சமக்குறி போட்டு ஒதுக்கினால் பிரதியாவது மூன்று புலங்களும்தான், சரம் அல்ல. இரண்டும் ஒரே நினைவகத்தைக் காட்டும். ஒன்று வளரும்போது மற்றது செத்த முகவரியோடு நிற்கும். பிரதி வேண்டுமென்றால் சரம்_பிரதி என்று எழுதி, புதிய இடம் ஒதுக்கிச் சேருங்கள்.

9. ஒட்டுமொத்தமாக எறியும் களம்

ஒரு வேலைக்காக நூற்றுக்கணக்கான சிறு சரங்களை உருவாக்கி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எறிவதென்றால் ஒவ்வொன்றாக விடுவிப்பது வீண். பெரிய துண்டு ஒன்றை வாங்கி, அதிலிருந்து முன்னோக்கி வெட்டிக் கொடுத்து, முடிவில் துண்டையே விடுங்கள். அந்தத் துண்டுதான் களம். களத்தில் இருந்து வந்த சுட்டியை ஃபிரீக்குக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெருந்தவறு. முன்னைய எட்டுப் படியும் கைவந்த பின்னர் மட்டும் இதைத் தொடுங்கள்.

10. சோதனை

லினக்ஸில் மாலொக் தோற்பது அரிது. இல்லாத நினைவகத்தையும் தருவதாகச் சொல்லிவிட்டு, நீங்கள் தொடும்போதுதான் அது உண்மையாகத் தேடும். ஆகவே தோல்விப் பாதைகளைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். ஒதுக்கும் சார்பைச் சுட்டி வழியாகக் கூப்பிடுங்கள். சோதனையின்போது முதலாவது அழைப்பில் தோற்கும் ஒதுக்கியை வையுங்கள், பின்னர் இரண்டாவதில், பின்னர் மூன்றாவதில். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் 3ஆம் படியின் வாக்குறுதி நிலைக்கிறதா, பழைய சரம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைச் சோதனைக்கு நான் பாவிக்கும் சொல் ‘நல்லூர்’. ந, ல, புள்ளி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி: 7 குறியீடு, 21 பைட். வெறுமையான சரத்தில் மூன்று முறை சேர்த்தால் 63. பூச்சியத்தோடு 64, முதற் கொள்ளளவுக்கு அச்சொட்டாகச் சரி. மூன்றாவது நல்லூருக்குப் பின் கொள்ளளவு 64 ஆகவே இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு காற்புள்ளியைச் சேர்த்ததும் 128 ஆக வேண்டும்.

தரிப்பிடப் பட்டியல் எழுதிய அந்த மாணவர், தேவையைக் கணக்கிடும் வரியில் 1ஐக் கூட்ட மறந்திருந்தார். கிளிநொச்சி வரை எல்லாப் பெயரும் அழகாக ஒட்டின. ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று நல்லூரைக் கொடுத்து, அதன் மேல் ஒரு காற்புள்ளியையும் சேர்த்தோம். 64 பைட் கொண்ட பகுதிக்கு 0 பைட் அப்பால் 1 பைட் எழுதப்பட்டதாக அட்ரஸ் சானிடைசர் சிவப்பில் காட்டியது. அந்த 1 பைட், முடிவுப் பூச்சியம். அவர் ஆ படியின் வரிக்குப் போய் கூட்டல் ஒன்றைத் தட்டிவிட்டு, நாலாவது நல்லூரையும் சேர்த்துப் பார்த்தார்.